நாத்தனார் வராமல் டிரையல் இல்லை

“குனி தாயி. இன்னும் குனி. மாமியா கால்ல விழும்போதும் இப்படித்தான் வெரச்சுக்கிட்டு நிப்பியா?”

கல்யாணப் பெண் குனிந்து தரையைத் தொடுகிறாள். முத்துவடிவு பின்னால் உட்கார்ந்துகொண்டு சடையின் அடியையே முறைத்துப் பார்க்கிறாள். அது அசையவில்லை. அப்படியும் திருப்தி இல்லை. “இப்பத் தும்மு பாப்பம்.” தும்மல் வராது என்கிறாள் பெண். “மணவறைப் புகையில வரும்ட்டி. அப்பத் தெரியும்” என்று பக்கத்து வீட்டில் மூக்குப்பொடி கேட்டு ஆள் அனுப்புகிறாள்.

தென்காசியில் முத்துவடிவுக்கு ரவிக்கை தைப்பதுதான் தொழில். முகூர்த்த மாதம் வந்தால் தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டுப் பெண் அலங்காரத்தில் இறங்கிவிடுவாள். சவுரி, பூச்சடை, கண் மை, ரோஸ் பவுடர் எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாக வேண்டும். “ரவிக்கைக்கே டிரையல் பாக்கோம். தலைக்கு வேண்டாமா?” என்பாள். அந்த டிரையலுக்கு மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ கூட வர வேண்டும். நாத்தனார் வரமாட்டாள் என்றால் நாள் கொடுக்க மாட்டாள்.

காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும், பின்னால் நிற்கும் நாத்தனார்தான் சடையைத் தூக்கிப் பிடித்து மற்ற முடிச்சுகளைப் போடுவாள். சில வருஷங்களுக்கு முன்னால் வீரகேரளம்புதூரில் ஒருத்தி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்துவிட்டாள். கெட்டிமேளம் முழங்க, பூச்சடை முழுசாக அவள் கையோடு வந்துவிட்டது. அந்தக் கல்யாணப் பெண் இன்று பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். அந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கிறாள். முத்துவடிவுக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்தன்று அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மேளம் ஓங்கும்போது தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். “முடிச்சுப் போட்டாச்சா? சடை இருக்கா?” என்று பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்து நெரிப்பாள். என் கையை இரண்டு கல்யாணங்களில் நெரித்திருக்கிறாள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சாரல் விழுந்தால் ஊரே குற்றாலத்துக்கு ஓடும். இவளும் எங்களோடு வருவாள். அருவியில் மட்டும் தலை கொடுக்க மாட்டாள். “எனக்கு நீர்க்கோவை, டீச்சர்” என்று எங்கள் மாற்றுத்துணிக்குக் காவல் உட்கார்ந்துவிடுவாள். கண் என்னவோ அருவியை விட்டு நகராது. அருவிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தலை நனைக்காத ஜென்மம் நீ ஒருத்திதான் என்று நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

போன ஆனியில் என் ரவிக்கையைக் கேட்டுப் போயிருந்தபோது முப்பிடாதியம்மாள் என்று ஒருத்தி வந்தாள். மகள் உலகம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புளியங்குடி. நான் இருப்பதையும் பாராமல் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

“பொண்ணு பாக்க வந்தப்போ பிள்ளைக்கு முடி முட்டுக்குக் கீழ கெடந்துச்சு. அதத்தான் அவுக வாய் ஓயாமச் சொல்லுதாவ. வைகாசில விஷக்காய்ச்சல் வந்து அம்புட்டும் கொட்டிப்போச்சும்மா. தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். நாத்தனா மட்டும் வேண்டாம். ஒன் காலப் பிடிச்சுக் கேக்குதேன்.”

முத்துவடிவு அவளை மறுநாள் மகளோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, என் ரவிக்கையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். “கட்டைமுடில சவுரி நிக்காது, டீச்சர். நாத்தனா தெரியாமத் தூக்கினான்னா கழண்டுரும். கூப்பிட்டா இங்கனயே தெரிஞ்சுரும். நான் என்ன செய்ய?” என்று என்னைக் கேட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தத் தையல்காரி கையில் வந்து மாட்டிக்கொண்டதே என்று நினைத்துக்கொண்டே, தலைகீழாகத் தைத்த கையைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

மறுநாள் முப்பிடாதியம்மாளிடம் சொல்லிவிட்டாள். “இங்கன தெரிஞ்சா நம்மளோட போவும். அங்கன தெரிஞ்சா ஊர் சிரிக்கும். நாத்தனா வரட்டும்.” தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மகள்தான், “வரட்டும்மா. தினம் தினம் பயந்து சாக முடியல” என்றாள்.

டிரையல் அன்று நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், ஒளிப்பானேன்? வந்த நாத்தனார் வாட்டசாட்டமான பெண். சவுரியை எங்கே கோத்தாலும் வழுக்கியது. முத்துவடிவின் கையிலிருந்து ஊசிகள் தரையில் சிதறின. ஒருவழியாகக் கட்டி முடித்து, “மெதுவா… மெதுவாத் தூக்குங்க, மதினி” என்றாள்.

நாத்தனார் மெதுவாகத்தான் தூக்கினாள். சடை அவள் கையோடு வந்துவிட்டது. உலகம்மாளின் தலையில் விரற்கடை உயரத்துக்கு முடி குத்திட்டு நின்றது.

முப்பிடாதியம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். “இத ஏன் மறச்சீய?” என்று கேட்டாள் நாத்தனார். குரலில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. “எங்கம்மைக்கு நான் என்ன சொல்ல?”

முத்துவடிவு எழுந்து கதவைத் தாழிட்டாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், தன் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டையைக் கழற்றி நாத்தனாரின் கையில் வைத்தாள். முத்துவடிவின் தலையில் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் முடி இருந்தது.

“எனக்குத் திரும்ப மொளைக்கல. பதினாறு வயசுல வந்த காய்ச்சல். இந்தப் பிள்ளைக்கு மொளைச்சுட்டு வருது, பாருங்க. நல்லாப் பாருங்க, மதினி.”

நாத்தனார் கையில் இருந்த கொண்டையைப் பார்த்தாள். பிறகு உலகம்மாளின் தலையைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் தடவினாள்.

“அம்மைட்ட நான் பேசிக்கிடுதேன். தம்பிக்கும் நானே சொல்லுதேன். எங்கன பிடிக்கணும்னு இப்பக் காட்டுங்க.”

உச்சியில் துணிப்பட்டி கட்டி, அதில் சடையைத் தைத்து, மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அது நின்றது.

அவர்களை வழியனுப்ப முத்துவடிவு தெருவுக்கு வந்தாள். சாரல் பிடித்திருந்தது. நாத்தனார் வைத்துவிட்டுப்போன கொண்டை தையல் மிஷின் மேலேயே கிடந்தது. நான் பதறிப்போய்க் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் நீட்டினேன். அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, வெறுந்தலையைச் சாரலில் காட்டிக்கொண்டு நின்றாள்.