காலையில் மட்டும் நிற்கும் மெஷின்

பாபநாசத்துக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில் ஒரு மாடிக் கட்டடம். அதுதான் எங்கள் ரேடியோ நிலையம். பக்கத்து ஊர்களுக்கு மட்டும் கேட்கும் சின்ன எஃப்.எம். ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. நான் அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள். இப்போது மெஷின் பார்க்கிறேன். மெஷின் என்றால் டிரான்ஸ்மிட்டர். நான் ஏழாவது வரை படித்தேன். நம்பர் பார்த்து நோட்டில் எழுத அது போதும்.

மெஷினில் இரண்டு நம்பர் முக்கியம். ஒன்று மொட்டைமாடியில் நிற்கும் ஏரியல் கம்பத்துக்குப் போகும் பவர். இன்னொன்று போக வழியில்லாமல் திரும்பி வருவது. ஐம்பது போய் ஒன்று திரும்பினால் சரி. ஐந்து திரும்பினால் வழியில் எங்கேயோ கோளாறு. ஒன்பது, பத்து என்று ஏறினால் மெஷின் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் எரிந்துவிடும்.

அந்த மார்கழியில் அது காலையில் மட்டும் நின்றது. ஆறு மணிக்கு நிலையம் தொடங்கும். ஆறேகாலுக்குள் நிற்கும். போட்டால் ஓடும், மறுபடி நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் ஒழுங்காக ஓடும். அப்புறம் ராத்திரி மூடும் வரை ஒரு குறையும் கிடையாது. இரண்டு வாரம் இப்படியே போனது. ஆறரை மணிக்குத்தான் எந்த வாய்க்காலில் என்றைக்கு முறைத் தண்ணீர் என்று சொல்லுவோம். சம்பா பால் பிடிக்கும் நேரம். ஜனங்கள் அதைக் கேட்கத்தான் ரேடியோ போடுவார்கள். அதுதான் கேட்கவில்லை.

டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, ஒங்க ரேடியோவுக்கு காப்பி குடுத்தாத்தான் எந்திரிக்குமா?"

"குடுத்துப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சென்னையில் இருக்கும் இன்ஜினியரிடம் அறக்கட்டளைச் செயலாளர் போனில் சொன்னார். செயலாளர் முன்பு கூட்டுறவு வங்கியில் இருந்தவர். நிலையத்தை அவர்தான் நடத்துகிறார். குளிரில் மெஷினின் உள் பாகம் வேலை செய்யவில்லை, பேக் பண்ணி அனுப்புங்கள் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்சல் வண்டி வரும் என்று ஏற்பாடு ஆனது. அட்டைப்பெட்டி கூட வந்துவிட்டது.

முன்பு ஒரு தடவை மெஷின் அப்படிப் போனது. நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த நாலு மாதமும் எனக்கு வேலை இல்லை. மெஷின் இல்லாத இடத்தில் மெஷின் பார்க்க ஆள் எதற்கு? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினேன். மறுபடி அங்கே போக எனக்கு இஷ்டமில்லை.

செயலாளரிடம் போய் நின்றேன்.

"ஐயா, மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க."

"இன்ஜினியர் இருக்குங்கறாரு. நீ இல்லேங்கற."

"குளிர்ல நிக்குதுங்கறாரு. மெஷின் ரூம்ல ராத்திரி பகலா ஏசி ஓடுதுங்க. அதுக்கு மார்கழியும் ஒண்ணுதான், சித்திரையும் ஒண்ணுதான்."

அவர் மெஷின் ரூம் கதவைத் திறந்து ஏசியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சரி, அப்ப என்னங்கற?"

"குளிருறது வெளியில. கோளாறும் வெளியிலதாங்க இருக்கும்."

நோட்டைக் காட்டினேன். நிற்கிற நேரத்தோடு பனி உண்டா இல்லையா என்றும் எழுதி வைத்திருந்தேன். பனி அதிகமான நாளில் ஆறு மணிக்கே நின்றது. ஒரே ஒரு நாள் காற்றடித்துப் பனி இறங்கவில்லை. அன்று மெஷின் நிற்கவே இல்லை.

"கம்பத்துல ஏறுற ஆளு பொங்கல் கழிச்சுதான் வருவாரு" என்றார்.

"ஏறாம பாக்குற எடத்தப் பாத்துடுறேங்க. நாளைக்குக் காலையில."

"பத்து மணி வரைக்கும் பாரு. வண்டி வந்துட்டா ஏத்திடுவேன்."

மறுநாள் ஐந்தரைக்கே போனேன். நல்ல பனி. பக்கத்து வயல் தெரியவில்லை. நிகழ்ச்சி பேசுகிற பெண் வந்தாள். எங்கள் தெருதான், இரண்டு பிள்ளைக்குத் தாய். வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, மெஷினுக்கு இன்னைக்கு வழியனுப்பு விழாவாமே. மாலை வாங்கலையா?"

"பேச வேண்டியதப் போயிப் பேசுடி. ஆறேகாலுக்கு மேல எப்படியும் பேச முடியாது."

ஆறு பத்துக்குத் திரும்பி வரும் பவர் ஒன்பது. மெஷின் நின்றது. சுவிட்சை அணைத்தேன். கம்பத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றினேன். அந்த இடத்தில் டம்மி லோடை மாட்டினேன். அது செங்கல் அளவு இருக்கும். கம்பத்துக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக மாற்றிவிடும், வெளியே எதுவும் போகாது. மெஷினைப் போட்டேன். ஐம்பது போனது. திரும்பி வந்தது ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. வெளியே அதே பனி.

மெஷின் நல்ல மெஷின் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கேபிள் சுவர் வழியாக மொட்டைமாடிக்குப் போகிறது. கை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். எலி கடிக்கவில்லை. எங்கேயும் மடங்கவில்லை. கிளாம்பு எல்லாம் இறுக்கமாக இருந்தது. கம்பத்தின் அடியில் மின்னலைத் தடுக்கும் சின்ன டப்பா ஒன்று உண்டு. அங்கே ஒரு இணைப்பு. அதிலிருந்து வேறு கேபிள் மேலே ஏறுகிறது.

பார்க்க மீதி இருந்தது அந்த இணைப்பு ஒன்றுதான். அதை முதலிலேயே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏனென்றால் அதைச் சுற்றி மூடியது நான்.

ஐப்பசி மழையில் செய்த வேலை அது. யூரியா மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். எங்கள் பக்கம் பம்புசெட் ஸ்டார்ட்டருக்கு அதைத்தான் போர்த்துவோம். மேலே கட்டுவோம், கீழே திறந்து விடுவோம். இங்கே மாடியில் சாரல் கீழிருந்தும் அடிக்கிறதே என்று நான் கீழேயும் இறுக்கிக் கட்டிவிட்டேன். இப்போது கை வைத்துப் பார்த்தேன். பை கனத்தது.

அவிழ்க்கவில்லை. செயலாளர் வரட்டும் என்று நின்றேன். நான் வாயால் சொன்னால் பாதிதான் நம்புவார். கண்ணால் பார்க்கட்டும்.

எட்டு மணிக்கு வந்தார். அந்தப் பெண்ணும் மேலே வந்தாள். கீழ் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது.

"யாரு கட்டுனது இத?"

"நான்தாங்க."

"முடிச்சு நாத்துமுடி கட்டுன கணக்கா இருக்கறப்பவே யாருன்னு தெரிய வேணாமா?" என்றாள் அவள்.

"ரெண்டு வாரமா ஊரே என்னைக் கேள்வி கேக்குது. நீயே கட்டி, நீயே கண்டுபிடிச்சியாக்கும்?" என்றார் செயலாளர்.

"ஆமாங்க."

கம்பத்திலிருந்து கேபிள் வழியாக இறங்கின தண்ணீர் மேல் முடிச்சுக்குள் கசிந்து போயிருக்கிறது. வெளியே வர வழியில்லை. பகல் வெயிலில் அது ஆவியாகிப் பையின் மேல்பக்கம் ஒட்டும். விடியற்காலைக் குளிரில் சொட்டுச் சொட்டாக இணைப்பின் மேல் விழும். வெயில் ஏறினால் இணைப்பு காய்ந்துவிடும். பகலில் ஓடியதும் காலையில் நின்றதும் அதனால்தான்.

இணைப்பைக் கழற்றினேன். உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துணியால் துடைத்தேன். கீழே இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்து நன்றாகக் காய விட்டேன். திரும்ப முறுக்கி, ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். கேபிள் இணைப்புக்குள் நுழையும் முன் கொஞ்சம் தொங்கும்படி விட்டேன். இறங்குகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். பை போடவில்லை.

கீழே வந்து மெஷினைப் போடும்போது ஒன்பதரை. போனது ஐம்பது, திரும்பியது ஒன்று.

செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒம்பது மணிக்கு மேல எப்பவும் ஓடுமே. இத வச்சு நான் எப்படி நம்புறது? வண்டி வந்துக்கிட்டு இருக்கு."

அவர் கேட்டது நியாயம். மெஷின் ஓடட்டும், நம்பரைப் பார்த்துச் சத்தமாகச் சொல் என்று அந்தப் பெண்ணைக் கீழே நிற்க வைத்தேன். குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்தேன். அவரையும் மாடிக்குக் கூட்டிப் போனேன். இணைப்பின் மேல் குடத்தைக் கவிழ்த்தேன்.

"ஏய், ஏய்! என்ன பண்ற?"

"மழ பேயுதுங்க."

கீழிருந்து அவள் கத்தினாள். "ஒண்ணு!"

இன்னொரு குடம் ஊற்றினேன்.

"ஒண்ணேதான்க்கா! அசையல!"

மூன்றாவது குடத்துக்குப் போகும்போது போதும் என்றார். போனை எடுத்து வண்டிக்காரரிடம் வர வேண்டாம் என்றார். அப்புறம் இன்ஜினியரைக் கூப்பிட்டு, போனை என் கையில் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். பை கட்டியது நான் என்பதையும் சொன்னேன்.

"ஏசி ஓடுதான்னு நான் கேட்டிருக்கணும்மா. கேக்கல" என்றார் இன்ஜினியர்.

செயலாளர் அட்டைப்பெட்டியை மடித்துச் சுவரோரம் வைத்தார்.

"இனிமே எதையாச்சும் மூடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேளு."

"சரிங்க."

"இதையும் மத்த இணைப்பையும் நீயே மாசத்துக்கு ஒருதரம் பாத்துடு. வேற ஆளு பாத்தா எனக்குத் தூக்கம் வராது."

"பாக்குறேங்க."

வேலை போகவில்லை என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

மறுநாள் காலை அதைவிடப் பனி. ஆறரைக்கு முறைத் தண்ணீர் சொன்னோம். தையில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. கதிர் சாய்ந்த வயலில் தண்ணீரை எப்படி வடிப்பது, எந்த ஊருக்கு அறுவடை மெஷின் எப்போது வரும் என்று விடியற்காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தோம். பேசினது அத்தனையும் வெளியே போனது.