காகத்துக்கு வைத்த ஒரு பிடி சோறு

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரை ஒட்டி நீளும் காட்டு மலைகளில் கமலநாயகி நடக்கத் தொடங்கியது மருத்துவர் சொன்னதால்தான். இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நின்றபடி வேலை செய்தவர். முழங்கால் வீங்கியபோது, நிற்பதைக் குறைத்து நடப்பதைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். ஐம்பத்துநான்கு வயதில் முதன்முதலாக மலையேறும் சப்பாத்து வாங்கினார். மூன்று ஆண்டுகளில், மழைக்குப் பிறகு எந்தப் பாதை வழுக்கும், உட்காரும் எந்த வாங்கில் பிற்பகல் வெயில் விழும் என்பது வரை அந்தக் காடு அவருக்குப் பழகிவிட்டது.

அந்த மலைகள் ஓர் இயற்கைப் பூங்காவுக்குள் வருகின்றன. பூங்கா நிர்வாகம் தன்னார்வ வழிகாட்டிகளைத் தேடியது. ஜெர்மன் தவிர வேறு மொழி பேசுபவர்களையும் வரவேற்றது. கமலநாயகி பெயர் கொடுத்தார். சனிக்கிழமைகளில் காட்டுக்கு வந்து, கரி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிவிட்டு, நூறு மீட்டர் கூட உள்ளே போகாமல் திரும்பும் நம்முடைய தமிழ்க் குடும்பங்களை ஒருநாளாவது உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பத்து வாரம் வகுப்புக்குப் போனார். எழுத்துத் தேர்வில் தேறினார். கடைசியாக ஒரு பரிசோதனை நடை மட்டும் மிஞ்சியது: ஒரு குழுவை இரண்டரை மணி நேரம் அழைத்துச் செல்ல வேண்டும், தேர்வாளர் கூடவே வருவார்.

அந்த நாள் புரட்டாதிச் சனிக்கிழமையில் விழுந்தது.

கமலநாயகி சனி பகவானுக்காகப் புரட்டாதிச் சனி விரதம் பிடிப்பவர். அகதி விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் முடிவில்லாமல் கிடந்த காலத்தில் தொடங்கியது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, குடியுரிமையும் கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை. வேண்டுதல் நிறைவேறிய பின்னும் தொடர்வதை நம்பிக்கை என்பதா, வழக்கம் என்பதா என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சமைத்த சோற்றில் ஒரு பிடியை முதலில் காகத்துக்கு வைப்பார். அது தின்ற பிறகே தான் உண்பார். ஊர்க் காகத்துக்குக் கழுத்தில் சாம்பல் நிறம் உண்டு, இங்குள்ளது முழுக் கறுப்பு. அந்த வேறுபாட்டை அவர் பொருட்படுத்தவில்லை.

"டெர்மின் திகதியை மாத்த ஏலாதாம்," என்றார் தொலைபேசியில். "சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாறன். நீங்கள் ஆக்களைச் சேர்த்துக்கொண்டு வாங்கோ."

நாங்கள் ஏழு பேர் போனோம். எங்களில் பரராசசிங்கம் பேருந்து ஓட்டுநர்; நடப்பதைத் தண்டனையாகக் கருதுபவர். தேர்வாளர் லின்டெமான் என்ற பெண்மணி, கையில் பலகையும் படிவமுமாகப் பின்னால் வந்தார்.

கமலநாயகி நன்றாகவே நடத்தினார். சில இடங்களில் வகுப்பில் படித்ததை ஒப்பித்தார், அது தெரிந்தது. மரங்கொத்தி துளைத்த பட்டையைக் காட்டியபோது மட்டும் ஒப்பிக்கவில்லை, தான் பார்த்ததைச் சொன்னார். காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு வைக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையடியில் நின்று, காரணத்தைத் தமிழிலும் ஜெர்மனிலும் விளக்கினார். மனிதர் வைக்கும் உணவு அவற்றின் வயிற்றுக்கு ஒவ்வாது. ஒருமுறை வைத்தால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்.

"அப்ப எங்களுக்கு எப்ப வைப்பியள், அக்கா?" என்றார் பரராசசிங்கம்.

"இன்னும் அரை மணித்தியாலம். உங்கட வயித்துக்கு அதுவும் நல்லது."

மதியம் வாங்குகள் போட்ட ஒரு திறந்தவெளியில் அமர்ந்தோம். சரிவில் வேலி ஒன்று சாய்ந்து கிடந்ததைப் பார்க்க லின்டெமான் கீழே இறங்கினார். கமலநாயகி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோற்றில் ஒரு பிடி எடுத்தார். எழுந்து போய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் வைத்தார். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை ஆண்டுகளாகத் தன் வீட்டு பால்கனியில் செய்ததை அவருடைய கை செய்தது; மனம் அதில் இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது தவறென்று உறைக்கவில்லை. சனிக்கிழமை, சோறு, காகம் என்று மூன்றும் எங்களுக்கு அவ்வளவு இயல்பானவை.

காகம் வந்தது. இரண்டு கொத்துக் கொத்திய பிறகுதான் அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் காகத்தை விரட்டினார். சிதறிய பருக்கைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டார்.

பரராசசிங்கம் சரிவை எட்டிப் பார்த்தார். "அவ காணேல்லை, அக்கா. சும்மா இருங்கோ. காகமும் திண்டிட்டுது, நீங்களும் சாப்பிடுங்கோ."

"ஓம், அவ காணேல்லை," என்றார் கமலநாயகி. பெட்டியை மூடினார்.

லின்டெமான் மேலேறி வந்ததும் போய்ச் சொன்னார். விரதத்தைப் பற்றி அதிகம் விளக்கவில்லை; காகத்துக்குச் சோறு வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். லின்டெமான் படிவத்தைப் பார்த்தார். பூங்கா விதிகளை வழிகாட்டி தானே மீறினாரா என்று அதில் ஒரு கேள்வி இருப்பதாகவும், 'ஆம்' என்று குறித்தால் நடையை மறுபடி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். தான் எதையும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது கதவைத் திறந்துவிடும் ஒரு வாக்கியம். கமலநாயகிக்கு அது விளங்கியது.

"ஆம் என்று குறியுங்கள்," என்றார் ஜெர்மனில்.

இறங்கும்போது பரராசசிங்கம் சற்றுக் கோபமாகவே கேட்டார். "பத்து வாரம் மினக்கெட்டுப் படிச்சியள். ஒரு பிடி சோத்துக்காகவோ?"

"மறைச்சுப் போட்டு அடுத்த கிழமை அந்தப் பலகையடியிலை நிண்டு நான் என்னெண்டு கதைக்கிறது? வாய் வராது."

"காகத்துக்கு ஜெர்மன் சட்டம் தெரியாது, அக்கா."

"எனக்குத் தெரியுமே."

அன்று அவர் உண்டது வீட்டுக்குப் போய், பால்கனியில் மறுபடி காகத்துக்கு வைத்த பிறகுதான், நாலரை மணிக்கு. காட்டில் காகம் கொத்தியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சோறு வைத்ததே தவறென்றால், காகம் அதைத் தின்றதால் விரதம் எப்படி நிறைவேறும் என்பது அவர் நியாயம். இதில் பிழை கண்டுபிடிக்க நான் முயன்றேன், முடியவில்லை.

நேர்மையைப் புகழ எனக்குத் தயக்கம் உண்டு. பார்க்க ஆள் இருக்கும்போது நேர்மையாக இருப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கமலநாயகி லின்டெமானிடம் அதைச் சொன்னபோது முகத்தில் பெருமை இருக்கவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்ததை நினைத்துப் பாதி வழியில் திரும்புகிறவரின் எரிச்சல்தான் இருந்தது.

நவம்பர் நடுவில் இரண்டாவது நடை. ஞாயிற்றுக்கிழமை, விடாத தூறல். மூன்று பேர்தான் போனோம். முணுமுணுத்தபடி பரராசசிங்கமும் வந்திருந்தார். இம்முறை கமலநாயகி எதையும் ஒப்பிக்கவில்லை. உணவு வைக்கக் கூடாது என்ற இடத்தில் காரணங்களைச் சொல்லி முடித்த பின், தானே ஒருமுறை வைத்ததையும் அதனால்தான் இன்று நனைந்துகொண்டு நிற்கிறோம் என்பதையும் சொன்னார். லின்டெமான் எழுதுவதை நிறுத்திச் சிரித்தார்.

தேறிவிட்டார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு குழுக்களை அழைத்துப் போகிறார். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் வர முடியாது என்று பூங்கா அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.