பக்கெட்டைப் பிரிக்கச் சொல்லக் கூச்சப்பட்டேன்

ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்த நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு பிரஷர் உண்டு. வெக்கை கூடினால் தலை சுற்றும். காற்றுப் போகும் லினன் சேட்டுகளைப் போடச் சொன்னார் டாக்டர். வெள்ளவத்தையில் அவருடைய அளவு கிடைக்காமல், புறக்கோட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்கு வரும்போது கால் கடுத்துவிட்டது. அங்கே அவருடைய அளவில் ஒரு சேட்டு, பிளாஸ்டிக் பக்கெட்டில் மடித்து ஒட்டியபடி இருந்தது.

"பிரிச்சுப் பார்க்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பிரிச்சா திரும்ப மடிக்க ஏலாது அக்கா. லேபல்ல லினன் எண்டு இருக்குத்தானே?" என்றார் கடைக்காரர்.

மேற்கொண்டு பேசக் கூச்சமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிருலப்பனையில் ஒரு கலியாணத்துக்குப் போக அதைப் போட்டார். பஸ் தரிப்பில் வெயிலில் நின்றவர், "இஞ்சேரும், மூச்சு முட்டுது" என்றபடி சரிந்துவிட்டார். ஓட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து பட்டன்களைக் கழற்றித் தண்ணீர் தெளித்தார். சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"இது லினன் இல்ல அக்கா, குடைத்துணி. அண்ணன அவிச்சு எடுத்திருக்கிறீங்க."

கண் திறந்த இவர், "அவவை ஏசாதையும் தம்பி. வடிவா இருக்கெண்டு நான்தான் போட்டனான்" என்றார்.

இப்போது எந்தக் கடையிலும் பக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி, சேட்டுக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன். கை வியர்த்தால் வைத்துவிட்டு வருகிறேன். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அவர் விழுந்த மறுநாள் அந்தச் சேட்டை வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். போட்டதை மாற்ற மாட்டோம் என்றார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.