பஞ்சர் மாமாவின் ஷட்டர் கோடுகள்

குவாரித் திருப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவரை ஊரே பஞ்சர் மாமா என்றுதான் கூப்பிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்திரண்டு வருஷமாக அதே திருப்பம், அதே தண்ணீர்த் தொட்டி. கோடை லீவு விட்டால் போதும், பதினாலு பதினைந்து வயசுப் பட்டாளம் சைக்கிளை மிதித்துக்கொண்டு கைவிட்ட குவாரிப் பள்ளத்துக்குக் குளிக்கக் கிளம்பிவிடும். ஒரு வருஷம் போகாதே என்று சத்தம் போட்டுப் பார்த்தார். மறுநாளே எல்லாம் புதர் வழியாகப் போய்விட்டது. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. அது அதைவிட மோசம்.

அதனால் ஒரு பேரம் பேசினார். காற்று சும்மா அடித்துத் தருவார். போகும்போது கடை ஷட்டரில் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடணும். திரும்பும்போது அவரவர் கோட்டை அவரவர் கையாலேயே அழிக்கணும். ஐந்து மணிக்கு மேல் கோடு மிச்சமிருந்தால் மாமா குவாரிக்கே வந்துவிடுவார்.

அன்றைக்கு நாலு கோடு. நாலரை மணிக்கு லாரி ட்யூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால், நாலும் அழிந்திருந்தன.

"எல்லாம் வந்தாச்சுங்க, நிம்மதியா வேலையப் பாருங்க" என்றாள் உள்ளே தையல் மிஷினில் இருந்த மனைவி.

மாமாவுக்கு மனசு ஒட்டவில்லை. காலையில்தான் அந்த நாலு பேரில் ஒருத்தனான நெட்டையனுடைய பின் டயர்க் கிழிசலுக்கு உள்ளே துண்டு வைத்துக் கொடுத்திருந்தார். சக்கரம் சுற்றுக்குச் சுற்று தொப் தொப் என்று ரோட்டைத் தட்டும். போகும்போது தட்டியது. திரும்பி வந்த சத்தம் காதில் விழவே இல்லை.

அதே கூட்டத்தில் கிராப்பு வெட்டிய பெண் அப்போதுதான் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏய் கிராப்பு! நெட்டையன் எங்க?"

"முன்னாடியே போயிட்டான் மாமா."

"பறந்தா போனான்? அவன் வண்டி சத்தமே கேக்கலையே."

அவள் முகம் செத்துவிட்டது. "அவன் கோட்ட நான்தான் அழிச்சேன். எதிர்ப் பாறைக்கு நீந்திப் போனான், கால் பிசகிடுச்சு. வீட்டுல தெரிஞ்சா லீவு முழுக்க அடைச்சு வச்சிருவாங்க, வலி கொறஞ்சதும் வந்துர்றேன், சொல்லிடாதன்னான்."

"பிசகுன காலோட நீந்தியா வருவான்? ஏறு வண்டியில!"

ஏற்கெனவே ஒட்டி வைத்திருந்த இன்னொரு லாரி ட்யூபில் காற்றை ஏற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கயிற்றுச் சுருளை அவள் மடியில் போட்டார். மொபெட் அலறிக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில்தான் அவருக்கே உறைத்தது: தனக்கு நீச்சல் தெரியாது.

பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், செங்குத்துப் பாறையின் அடியில், ஒரு ஆள் உட்காருகிற இடுக்கில் நெட்டையன் குந்தியிருந்தான். இவர்களைப் பார்த்ததும் தண்ணீரில் இறங்கப் பார்த்தான்.

"டேய்! எறங்குன, கால ஒடிச்சுருவேன்!"

"அது ஏற்கெனவே ஒடிஞ்ச மாதிரிதான் மாமா இருக்கு!"

கிராப்பு அழுகையோடு சிரித்துவிட்டாள். கயிறு கட்டிய ட்யூபை மாமா வீசினார். பாதியிலேயே விழுந்தது. இழுத்து மறுபடி வீசினார். பாறையில் மோதி விலகியது. மூன்றாவது தடவை உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். "புடிச்சிட்டான்!" என்று கிராப்பு குதித்தாள். நெட்டையன் ட்யூபுக்குள் தலையை நுழைத்துக்கொள்ள, இரண்டு பேருமாகக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார்கள். கரையில் அவன் வந்து விழுந்தபோது மாமாவின் உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

திரும்பும்போது நெட்டையன் மொபெட்டின் பின்னால். அவனுடைய சைக்கிளைக் கிராப்பு மிதித்து வந்தாள். தொப், தொப், தொப். அந்தச் சத்தத்துக்கே மனைவி வாசலிலிருந்து ரோட்டுக்கு ஓடி வந்தாள்.

கிராப்பு தானே சாக்பீஸை எடுத்துத் தான் அழித்த இடத்தில் திரும்பக் கோடு போட்டாள். நெட்டையன் நொண்டிக்கொண்டே போய் ஈரக் கையால் அழித்தான்.

"இன்னொண்ணு நிக்குது பாருங்க" என்றாள் மனைவி.

ஷட்டரின் ஓரத்தில், தையல் சாக்பீஸால், முழ நீளத்துக்கு ஒரு நீலக் கோடு.

"இது யாருது?"

"நீச்சல் தெரியாம குவாரிக்கு ஓடுன ஆளோடது. நானும் அரை மணி நேரமா அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அழிங்க, உங்க கையால."

தோலுரிந்த கையால் மாமா அழித்தார். எரிந்தது. ஒரு பொட்டு நீலம்கூட மிச்சமில்லாமல் அழித்தார்.