பிலோமினா அக்கா சொல்லாமல் விடாத வாக்கியம்

வெள்ளவத்தையில் என் அச்சகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அன்ரனின் அழைப்பு வந்தது. “அண்ணே, பிலோமினா அக்கா போயிட்டா. விடிய எழுப்பப் போனா எழும்பேல்லையாம்,” என்றான். ஹெந்தளை மீனவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். “அவங்க எனக்கு முதலே அக்காட கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துட்டாங்க அண்ணே.”

நீதிமன்றங்களில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவர் பிலோமினா அக்கா. அங்கே அவரோடு பணியாற்றியவர்கள் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் அறிந்தது ஓய்வுக்குப் பிறகு எங்களுடன் தேர்தல் வேலைக்கு வந்த அக்காவை மட்டுமே.

மட்டக்குளியில், களனி ஆறு கடலைத் தொடும் பக்கமாக, சிறு மீனவர்கள் தோணிகளைக் கரையேற்றும் ஒரு கரைத்துண்டு இருக்கிறது. அதை வேலியடைத்து, இறக்குமதி மீனுக்குப் பெரிய குளிர்களஞ்சியம் கட்ட ஒரு தொழிலதிபர் திட்டமிட்டார். மாநகரசபைத் தேர்தலில் அவருடைய பணமும் வாகனங்களும் ஒரு கட்சியின் பக்கம் நின்றன. எதிர்த்து, சுயேச்சைக் குழுவில் நின்றான் மீனவனான அன்ரன். துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுப்பது என் பங்கு. அந்தக் கரையை நம்பியிருந்தவர்களில் பாதிப்பேர் ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையிலிருந்து வரும் சிங்களக் குடும்பங்கள். கூட்டங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடித்தான் நானும் அன்ரனும் அக்காவின் வீட்டுக்குப் போனோம்.

நாங்கள் கொண்டுபோன துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டு, ‘கொள்ளைக்காரன்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“என்னத்தக் கொள்ளையடிச்சவர்?”

“கரையை, அக்கா.”

“இன்னும் எடுக்கேல்லையே. கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார். கேக்கிறார் எண்டே போடுங்க. அதுவே சனத்துக்குப் பயமாத்தான் இருக்கும்.”

அச்சடித்தாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப வேற ஆளப் பாருங்க,” என்று எழுந்துவிட்டார். முழுவதையும் மறுபடி அடிப்பதாக ஒப்புக்கொண்டோம். வெளியே வந்ததும், “மனுசி சரியான பிடிவாதம்,” என்றான் அன்ரன். அது உண்மை. அந்தச் சில மாதங்களில் அவருடன் சண்டை பிடிக்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

வாக்களிப்புக்கு முந்திய வாரம், பங்குத்தந்தை இரு தரப்பையும் தேவாலய மண்டபத்துக்கு அழைத்தார். தொழிலதிபரே நேரில் வந்தார். வெளிநாட்டில் படித்த மனிதர், பேசியது ஆங்கிலத்தில். வேறு ஆள் இல்லாததால் அவருக்கும் அக்காதான் மொழிபெயர்த்தார். எப்படி மொழிபெயர்த்தார் என்கிறீர்கள்? வேலைவாய்ப்பு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று அவர் அடுக்கியதெல்லாம் அக்காவின் தமிழிலும் சிங்களத்திலும் இன்னும் அழகாக வந்து விழுந்தன. முன்வரிசைப் பெண்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். அன்ரன் என் முழங்கையைக் கிள்ளினான். “என்னண்ணே, அக்கா அவருக்கு வோட்டுக் கேக்கிறாவா?”

அப்போது மீன் விற்கும் ஸ்டெல்லா எழுந்தாள். “எல்லாம் நல்லது ஐயா. எங்கட தோணி ஏத்த எப்பவும் இடம் விடுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

தொழிலதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே அருகிலிருந்த முகாமையாளரின் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு சபையைப் பார்த்துப் புன்னகைத்து, நிச்சயமாக விடுவேன் என்றார்.

அக்கா குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. “‘இப்ப ஓமெண்டு சொல்லுவம், வேலி அடிச்ச பிறகு பாத்துக்கொள்ளலாம்.’ இது ஐயா மனேஜருக்குச் சொன்னது. ‘நிச்சயமா விடுவன்.’ இது உங்களுக்குச் சொன்னது.” பின் இரண்டையும் சிங்களத்திலும் சொன்னார்.

தொழிலதிபரின் முகம் சிவந்தது. தான் தனிப்படச் சொன்னதை மொழிபெயர்க்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். அக்கா அதையும் இரு மொழிகளிலும் சொல்லிவிட்டு, தன் பதிலையும் மூன்று மொழிகளில் சொன்னார்: “மைக்கில வந்தது, ஐயா. மைக்கில வாறது எல்லாத்தையும் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டவை.”

ஹெந்தளைக்காரர்கள் பக்கமிருந்து முதல் சிரிப்பு வெடித்தது. அதன் பிறகு அவர் பேசியது எவர் காதிலும் ஏறவில்லை.

அக்கா எங்கள் ஆள் என்று அன்று நாங்கள் கொண்டாடினோம். அது கடைசிக் கூட்டம் வரைக்கும்தான். அங்கே உற்சாகத்தில் அன்ரன், வென்றால் எல்லாருக்கும் புது வீடு என்று முழங்கினான். அக்கா மொழிபெயர்க்காமல் அவன் பக்கம் திரும்பினார். “தம்பி, தருவன் எண்டு சொல்றியா, தரப் பாப்பன் எண்டு சொல்றியா? சிங்களத்தில ரெண்டும் வேற வேற.” அன்ரன் தலையைச் சொறிந்தான். “பாப்பன் அக்கா,” என்றான் மெதுவாக. அந்தப் ‘பாப்பன்’தான் சிங்களத்துக்குப் போனது.

நாங்கள் தோற்றோம். ஆனால் தொழிலதிபரின் பக்கம் நின்று வென்றவரும் அந்த மண்டபத்தில் இருந்தவர். ஸ்டெல்லாவின் கேள்வியைத் தாண்டிப்போக அவராலும் முடியவில்லை. குளிர்களஞ்சியம் வீதியோரத்துக்குத் தள்ளிப்போய், அளவிலும் சிறுத்தது. கரைத்துண்டு மிஞ்சியது. இன்றும் தோணிகள் அங்கேதான் ஏறுகின்றன. அக்காவுக்குத்தான் இழப்பு. கம்பனிகள் கொடுத்துவந்த மொழிபெயர்ப்பு வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். “இருக்குத்தான். வீட்டு வாடகை கட்ட வேணுமே,” என்றார். அந்த வாக்கியத்தை விட்டிருக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நல்லடக்கத்தன்று திருப்பலி தமிழில் நடந்தது. கடைசி வரிசை வாங்குகளில் ஹெந்தளைக்காரர்கள் ஒன்றும் விளங்காமல் கைகட்டி நின்றார்கள். என் சிங்களம் கடைச் சிங்களம். இருந்தும் அவர்கள் பக்கத்தில் போய் நின்று, பிரசங்கத்தை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினேன். புதிதாக வந்திருந்த சுவாமியார், மறைந்த சகோதரி யாருடனும் முரண்படாத சாந்தமானவர் என்றார். நாக்கு ஒரு கணம் தயங்கியது. அதையும் சொன்னேன். முதிய மீனவர் ஒருவர் ஈரக் கண்களோடு சிரித்து என் காதருகே ஏதோ சொன்னார். எங்களுக்கு முன் வாங்கில் இருந்த அன்ரனிடமும் ஸ்டெல்லாவிடமும், அவர்கள் அக்காவை மரியாதையாக அழைக்கும் ‘நோனா’வை மட்டும் அப்படியே விட்டு, அதைத் தமிழில் சொன்னேன்: “சுவாமிக்கு எங்கட நோனாவத் தெரியாதாம்.”

வாங்குகள் முழுக்க மெல்லிய சிரிப்பு ஓடியது. ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவரிடம் சேர்ப்பிக்கும் துணிவு எனக்கு முன்பு இருந்ததில்லை. பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.