பேசினால் திறக்கும் கண்

தரையிலிருந்து இருநூற்றுப் பதினான்கு படி, அத்தனையும் இரும்பு. ஏறி முடித்தால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். இப்படிப்பட்ட பெட்டியில் கிரேன் ஓட்டுநர் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தார். கட்டடம் மாறும், பெட்டி மாறும், உட்காருகிற ஆள் மட்டும் மாறவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சாப்பாட்டுப் பை, ஒரு தண்ணீர் பாட்டில், தண்ணீர் இல்லாத இன்னொரு பாட்டில். அந்த இரண்டாவது பாட்டில் எதற்கு என்று கேட்கிறவர்கள் அவசரமாக வரும்போது இருநூற்றுப் பதினான்கு படி இறங்கிப் பார்க்கட்டும்.

இதுவரை பதினாறு கட்டடங்களை எழுப்பியிருந்தார். ஒன்றின் உள்ளேயும் அவர் கால் வைத்ததில்லை. ஜன்னல் மாட்டி ஆட்கள் குடிவருவதற்குள் கிரேனைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அவரும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘வானொலி’. காரணம் வாக்கி-டாக்கி. கீழே நின்று “மேல தூக்கு, இடது பக்கம், நிறுத்து” என்று வழி சொல்கிறவன் ஒருவன் உண்டு. கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் அவன் பெயர் விசில். மற்ற கிரேன்காரர்கள் இவனிடம் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். வானொலியோ காலையில் ஏறி உட்கார்ந்தது முதல் சாயங்காலம் இறங்கும்வரை ஒலிபரப்புதான்.

“தம்பி, இன்னிக்கு அவ என்ன பண்ணா தெரியுமா? குடைய எடுத்துட்டுப் போங்கன்னா. வெயில் மண்டையப் பொளக்குது, எதுக்குடி குடைன்னேன். மேல போயி மழைகிட்டயே சொல்லிட்டு வாங்கங்கிறா!”

“அண்ணி சொன்னா கேக்கணும்ணே. கொஞ்சம் வலது. இன்னும். நிறுத்து.”

“நிறுத்திட்டேன். அப்புறம் கேளு…”

ஆளுக்கு வாய்க்கொழுப்பு என்றார்கள். வீட்டில் வாயைத் திறக்க விடமாட்டார்களாக்கும், அதனால்தான் மேலே போய்க் கொட்டுகிறார் என்றார்கள். உண்மையில் அவர் பேச்சே வராத ஆள். கடையில் நின்றால் பொருளை விரலால் காட்டி வாங்குகிற ரகம். அப்படிப்பட்டவர் தொண்டை வறளப் பேசியதற்குக் காரணம், பேச்சை நிறுத்தினால் அவருக்குக் கண் மூடிக்கொள்ளும் என்பதுதான்.

தூக்கம் இல்லை. தூக்கமாக இருந்தால் முகத்தைக் கழுவிக்கொள்ளலாமே. இமைகள் முதலில் படபடவென்று அடிக்கும். பிறகு யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டதுபோல இறுக மூடிக்கொள்ளும். புருவத்தைத் தூக்கினாலும் அசையாது. விரலால் பிரித்தால் திறக்கும், விட்டால் மறுபடி தாழ்ப்பாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலக் கண் திறந்துகொள்ளும். தனியாகப் பேசியும் பார்த்தார். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு நிமிடத்துக்குமேல் வார்த்தை வராது. ஆகவே வாக்கி-டாக்கி, ஆகவே விசில்.

இது தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் மூடுகிற ஆளைக் கிரேனில் யார் ஏற்றுவார்கள்? அந்தப் பெட்டி போனால் அவருக்கு மிஞ்சுவது மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், வேறு ஊரிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமை போடுகிற இரண்டு நிமிட போன்.

“சாப்டீங்களாப்பா?”

“ஆச்சு.”

“உடம்பு?”

“நல்லாருக்கு.”

“சரிப்பா, வெச்சுடறேன்.”

மனைவி இறந்து நாலு வருடம். ஆமாம், குடை எடுக்கச் சொன்னவள்தான். பேச விஷயம் தீர்ந்துபோன ஒரு நாளில் அவர் வாயில் அவள் வந்துவிட்டாள். வந்தவள் போகவில்லை. தினமும் ஏதாவது சொன்னாள், கோபித்தாள், தெருவில் போகிறவர்களை நக்கலடித்தாள். உயிரோடு இருந்தபோது அவள் அவ்வளவு பேசியதில்லை, பாவம். விசிலும் கேட்டுக் கேட்டு, ‘அண்ணி அண்ணி’ என்று ஒட்டிக்கொண்டான். இருமல் என்றால் அண்ணி வெந்நீர் குடிக்கச் சொன்னாள். அவனுக்குப் பெண் பிறந்ததும் பேர் சொல்லச் சொல்லிக் கேட்டான். மறுநாள் காலை வாக்கி-டாக்கியில் அண்ணி ஒரு பேர் சொல்லி அனுப்பினாள். அதையே குழந்தைக்கு வைத்துவிட்டான்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. பக்கத்துத் தெருக் கண் டாக்டரிடம் போனார். உள்ளே போனதும் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் கண் இரண்டும் அகலத் திறந்து பளபளவென்று நின்றன.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் வறட்சி. சொட்டு மருந்து விடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?”

“உக்காந்து பாக்கற வேலைங்க.”

பொய் இல்லை பாருங்கள்.

இரண்டாவது டாக்டரிடம் இன்னும் விளக்கமாகச் சொன்னார், கண் இன்னும் நன்றாகத் திறந்தது. “தனியா இருக்கீங்களா? அப்ப மனசுதான். கவலைப்படாதீங்க” என்று தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண் மூடுகிறது என்று போனவருக்குக் கண்ணை மூட மாத்திரை! அதை ஜன்னலோரம் வைத்தவர் தொடவே இல்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கிவைக்க விசில் ஆறாவது தளத்தில் நின்றிருந்தான். ஆறாவது தளத்துக்குமேல் போய்க்கொண்டிருந்தபோது வாக்கி-டாக்கி ‘கிர்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பேட்டரி போய்விட்டது. அந்த வேலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சத்தம் நின்றால் ஓட்டுகிறவன் பிடியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு கீழே நிற்கிறவனின் கைச்சாடையை மட்டும் பார்க்க வேண்டும்.

வானொலி கையை எடுத்தார். குனிந்து கீழே பார்த்தார். இமை படபடத்தது, தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டில் ஊதல் சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு விடாமல். காற்றில் கம்பிக் கட்டு சுற்றுகிறது என்று கிரேனின் முனகலிலேயே தெரிந்தது. தூக்கச் சொல்கிறானா, இறக்கச் சொல்கிறானா? விரலால் இமையைப் பிரித்தால் பிடியைப் பிடிக்கக் கை இல்லை. பேச வேண்டும். யாரிடம்? வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“ஏய்” என்றார் கடைசியில். “ஏய், குடைய எங்கடி வெச்ச? நான் பாட்டுக்குக் கேக்கறேன், பதில் சொல்லு. குடை எங்க?”

கண் திறந்தது. ஆறாவது தளத்தில் விசில் இரண்டு கையையும் மேலே வீசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தடுப்புச் சுவர். அவன் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் கம்பியின் நுனி வந்து வந்து போனது. வானொலி குடையைக் கேட்டுக்கொண்டே பிடியை இழுத்தார். கட்டு மேலே போனது. ஆள் தப்பினான்.

அன்று அவர் சாயங்காலம்வரை காத்திராமல் எல்லாப் படியையும் இறங்கினார். கீழே வந்து விசிலிடம் சொல்லிவிட்டார். கண்ணைச் சொன்னார். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியாமல், குடை எடுக்கச் சொன்னவள் செத்துப்போனதையும் சொன்னார்.

விசில் ஓர் அடி பின்னால் போனான். “ரெண்டு வருஷமா என் தலைக்கு மேல கம்பியத் தொங்க விட்டுட்டுக் கண்ண மூடிட்டு இருந்தியா நீ?”

“மூடல தம்பி. மூடாம இருக்கத்தான்…”

“அண்ணி செத்து நாலு வருஷமா? அப்ப என்னை வெந்நீர் குடிக்கச் சொன்னது யாரு? எம் பொண்ணுக்கு வெச்ச பேரு, அது யாரு பேரு?”

“அவ பேருதான்.”

விசில் ஹெல்மெட்டைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டு போனான். சூப்பர்வைசர் வந்தார். “கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் கடுதாசி கொண்டாங்க. அதுவரைக்கும் ஏறக்கூடாது, அண்ணே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மூன்றாவதாகப் போனது பெரிய கண் ஆஸ்பத்திரி. வெள்ளைக் கோட்டுப் பையில் நாலு பேனா வைத்திருந்த டாக்டரம்மா அவர் சொல்வதை முழுக்கக் கேட்டார். வழக்கம்போல அவர் கண் சமர்த்தாகத் திறந்திருந்தது.

“இப்ப நல்லா இருக்கே” என்றார் டாக்டரம்மா. “சரி, அது மூடிக்கறப்போ பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

வானொலி யோசித்தார். மகன் போனில் மட்டும் இருப்பவன். பக்கத்து அறைக்காரர் யாரென்றே தெரியாது. விசில் அவ்வளவு கீழே இருந்து பார்த்தால் கண்ணாடியில் வெயில் மின்னுவதுதான் தெரியும்.

“யாரும் இல்லம்மா” என்றார். “யாராவது இருந்தா அது மூடாது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “போன்ல வீடியோ எடுக்கத் தெரியுமா? வீட்டுல போனை எதிர்ல சாத்தி வெச்சு, சும்மா உக்காருங்க. பேசாதீங்க, பாடாதீங்க. என்ன நடக்குதோ அப்படியே எடுத்துட்டு வாங்க.”

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா அந்த வீடியோவைப் பார்த்தார். பதினொரு நிமிடம். ஓர் அறை, ஒரு கட்டில், கட்டிலில் ஓர் ஆள். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டு, போட்டோவுக்கு உட்காருவதுபோல. இரண்டாவது நிமிடத்தில் இமை துடிக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் முகமே சுருங்கி, கண் இறுகிவிடுகிறது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். யாரும் வரவில்லை, கதவு தட்டப்படவில்லை. டாக்டரம்மா வேகமாக ஓட்டிப் பார்க்கவில்லை, முழுசாகப் பார்த்தார். ஒன்பதாவது நிமிடத்தில் சுவரில் பல்லி கத்தியது. “என்னடா, உனக்கும் பேச ஆள் இல்லையா?” என்றார் வீடியோவில் இருந்த ஆள். கண் பட்டென்று திறந்தது.

“இதுதான்” என்றார் டாக்டரம்மா. வீடியோவை நிறுத்திப் பின்னால் தள்ளி, பல்லி இடத்தை மறுபடி பார்த்தார். “கண்ணு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. இமையச் சுத்தி இருக்கற தசைக்கு, மூடு மூடுன்னு மூளையில இருந்து தப்பா உத்தரவு போகுது. பிளெஃபரோஸ்பாசம்னு பேரு.”

“பேரே வாயில நுழையலயேம்மா.”

“நுழைய வேணாம். பேசினா, பாடினா, நெத்தியத் தொட்டா சில பேருக்குக் கொஞ்ச நேரம் திறக்கும். உங்களுக்குப் பேச்சு. அதனாலதான் டாக்டருங்க எதிர்ல உக்காந்தா ஒண்ணும் தெரியல. நீங்க பேசிப் பேசியே வியாதிய ஒளிச்சிட்டீங்க.”

“மனசு இல்லயா?”

“இல்ல. உங்களுக்குக் கிறுக்கும் இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மருந்து ஊசிதான். இரண்டு கண்ணையும் சுற்றி, கொசு கடித்த மாதிரி பத்துப் பன்னிரண்டு குத்து. தசை கொஞ்சம் தளரும், உத்தரவு வந்தாலும் இறுக்காது. முழுசாகப் போகாது, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். வேலைக்குக் கடிதம் வேண்டுமென்றால் சில வாரம் பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றார் டாக்டரம்மா. என்ன வேலை என்று கேட்டபோது இந்தத் தடவை சரியாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள் கண் தானாகத் திறந்து நின்றது. அவர் கட்டிலில் உட்கார்ந்து அறையைப் பார்த்தார். ஜன்னலோர மாத்திரை அட்டை, கொக்கியில் குடை. பல்லியைக் காணோம். வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இத்தனை நாள் மூடுகிறதே என்று பயந்த கண் இப்போது மூட மாட்டேன் என்றது, பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஆறு வாரம் வாசலில் லாரி நம்பர் எழுதும் வேலை கொடுத்தார்கள். மேலே வேறோர் ஆள் ஓட்டினான், நாற்பது வார்த்தைக்காரன். விசில் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தான். வானொலி எழுந்து நிற்பார். அவன் ஊதலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

கடிதம் கிடைத்த மறுநாள் அவர் ஏறினார். நூறாவது படியில் மூச்சு வாங்கியது. பெட்டியில் மற்றவன் நாற்காலியை உயர்த்தி வைத்திருந்தான், பழைய உயரத்துக்கு இறக்கினார். வாக்கி-டாக்கியில் விசில் குரல் வந்தது.

“மேல. இடது. மெதுவா. நிறுத்து.”

அவ்வளவுதான். வானொலியும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லையே. கண் திறந்தபடி இருந்தது. கீழே மஞ்சள் ஹெல்மெட் ஒரு புள்ளியாக நகர்ந்ததை இரண்டு வருடத்தில் முதல்முறையாக வாய் பேசாமல் பார்த்தார். காலை முழுக்க இப்படியே போயிற்று.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாக்கி-டாக்கி ‘கிர்’ என்றது.

“அண்ணே.”

“சொல்லு.”

“கண்ணு?”

“திறந்திருக்கு.”

“வாய மூடிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

 மஞ்சள் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது.

“அண்ணி இன்னிக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்டது வாக்கி-டாக்கி.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பொய்தான், மிளகாய் விலைபற்றி. அதை விழுங்கினார்.

“ஒண்ணும் சொல்லலடா.”

வாக்கி-டாக்கி ‘கிர்’ என்று அடங்கியது. பேட்டரி போய்விட்டதோ என்று கையைப் பிடியிலிருந்து எடுத்தார்.

“சரி, அப்ப நான் பேசறேன், நீ கேளு” என்றான் விசில். “பாப்பாவுக்குக் கீழ ரெண்டு பல்லு வந்திருக்கு. என் விரலக் கடிச்சிட்டா. ஊதலப் புடுங்கிட்டுக் குடுக்க மாட்டேங்கறா. யாரு கூப்பிட்டாலும் கண்டுக்க மாட்டா, கொழுப்பு. ஆனா பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா.” கொஞ்சம் நிறுத்தினான். “கேக்குதா?”

“கேக்குது.”

“கொஞ்சம் மேல தூக்கு. மெதுவா.”

அவர் மெதுவாகத் தூக்கினார்.