முக்கூடலில் ஒன்றும் முளைக்காத தட்டு

போன திங்கட்கிழமை முக்கூடலுக்குப் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துப் பதிவு செய்கிறோம். தொண்டை வலியில் தொடங்கி இதயம் வரைக்கும் கெடுக்கிற சனியன் அது. மாதிரி எடுக்கக் கிளம்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை 7.10க்குப் பேருந்து. 26 கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். ஐஸ் பெட்டியைப் பார்த்த நடத்துநர், "என்ன அண்ணாச்சி, மீனா? நாறாதுல்லா?" என்றார். "பஞ்சுக் குச்சி வே" என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

8.15க்கு ஜெய்னம்பு அக்கா வீடு. பீடி சுற்றுகிறவர். மூத்தவள் பர்வீனுக்கு இதய வால்வு கெட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. இப்போது எட்டு வயது சபீனாவுக்குத் தொண்டை வலி. இவளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். நான் வருவதை இரண்டு நாள் முன்பே போனில் சொல்லியிருந்தேன். வாசலைக் கழுவி, பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு வைத்திருந்தார்.

பஞ்சுக் குச்சியால் சபீனாவின் தொண்டையைத் தடவி எடுத்துக்கொண்டு திரும்பினேன். கூடத்தில், கிருமி வளர்க்க ஆட்டு ரத்தம் கலந்து வைத்த தட்டில் அந்த மாதிரியைத் தேய்த்தோம். கிருமி வளர்ந்தால் அதைச் சுற்றி ரத்தம் கரைந்து வெளுக்கும். இரண்டு நாளாகியும் வெளுக்கவில்லை. பதிவேட்டில் 'கிருமி இல்லை' என்று எழுதிவிட்டுச் சந்தோஷமாகப் போன் போட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு அப்பமே தெரியும் தம்பி. நீங்க வாரிய, தொண்டை அசிங்கமா இருக்கப்படாதுன்னு மெடிக்கல்ல வாங்குன மாத்திரைய நாலு வேளை குடுத்தேன். வலி போயிட்டு, நிறுத்திட்டேன்."

மருந்து இறங்கிய தொண்டையில் கிருமி பதுங்கியிருந்தாலும் தட்டில் முளைக்காமல் போகலாம். விருந்தாளி வருகிறான் என்று வீட்டைப் பெருக்குவதுபோல் தொண்டையையும் பெருக்கிவிட்டார். கேட்காதது என் மடத்தனம். பதிவேட்டில் 'மாத்திரைக்குப் பின் எடுத்தது, முடிவு செல்லாது' என்று திருத்தினேன். நீங்களாவது போனிலும் கேளுங்கள், வாசலிலும் கேளுங்கள்: மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா? தட்டு காலியாக இருந்தால் மறுபடி கேளுங்கள்.

மறுநாள், மூத்தவள் நிலையைக் கேட்டு எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த பத்து நாள் மருந்தோடு அதே பேருந்தில் போனேன். வலி நின்றாலும் பத்து நாளும் கொடுக்க வேண்டும், பாதியில் விட்டால் கிருமி இதயத்தைப் பிடிக்கலாம் என்று விளக்கினேன். அக்கா பீடித் தட்டைக் கீழே வைத்தார்.

"பெரியவளுக்கும் காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டேனே தம்பி. அப்பம் அவளக் கெடுத்தது நாந்தானா?"

உள்ளே பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த பர்வீனின் கத்தரிச் சத்தம் நின்றது.

"இல்லக்கா" என்றேன். அக்காவும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.